முப்பத்தோராவது சுற்றில் நீ மாற்றியது

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். அந்தச் சொல்லை எழுத இன்றைக்குக் கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய். மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். காகிதத்தில் எழுதினால் அந்த இரண்டும் முடியாது, உட்கார்ந்து படித்தாக வேண்டும். கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள் இருக்கும்போது பெற்றவள் மகனுக்கு எழுதுகிற கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். விட்டுக்கொடுத்துப் போ, கோபத்தைக் குறை, பெரியவர்களை மதி என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அப்படி எழுதத் தோன்றவில்லை. ஆத்திரம்தான் வருகிறது, ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் கம்ப்யூட்டர் கார்ப் பந்தயத்தை நான் முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேல் அறையில் நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில், நோட்டும் பேனாவுமாகப் பார்த்தேன். அந்த நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ காலேஜில் படிக்கும்போது அந்த அறையில் ஸ்டீயரிங்கும் பெடலுமாக அந்தப் பந்தய சிமுலேட்டரை மாட்டினாய். கல்லாவில் இருக்கிற என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "அம்மா, எழுதிக்கோ, முன் ஸ்பிரிங் ரெண்டு பாயிண்ட் கம்மி, பின் டயர் காத்து ஒண்ணு கம்மி" என்பாய். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் வண்டி உதிரிபாகக் கடை நடத்துகிறவளுக்கு பிரேக் ஷூவும் ஸ்பிரிங்கும் புதுசா? எழுதினேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், மாற்றியதை எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று உனக்குச் சட்டம் போட்டதே நான்தான். நீ பெங்களூருக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. நீ ஓட்டுகிறாய் என்றால் நோட்டைத் திறந்துவிடுவேன்.

ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுகிற இந்தப் பந்தயத்துக்கு நீயும் உனக்கு நிச்சயித்த சுகன்யாவும் ஒரு மாசம் உழைத்ததும் எனக்குத் தெரியும். மைதானத்துப் பாதை வேறு, தெருவில் ஓடுகிற பாதை வேறு என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். மைதானத்தில் தப்பு செய்தால் புல்லில் ஓடித் திரும்பி வரலாம். தெருவில் இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர், ஒரு சாண் தப்பினால் கதை முடிந்தது. ரோட்டில் ஒட்டுப்போட்ட தார், சாக்கடை மூடி, மேடு பள்ளம் எல்லாம் இருக்கும். அதனால் காரைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தினீர்கள். ஸ்பிரிங்கை மெத்தென்று வைத்தீர்கள். பின்னால் இருக்கிற இறக்கையை நிமிர்த்தினீர்கள், நேர் ரோட்டில் வேகம் போனாலும் வளைவில் கார் தரையைப் பிடித்துக்கொள்ளும் என்று. கடைசியில் பிரேக்குக்கு வந்தீர்கள். அதை மிதிக்கும்போது அழுத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு முன்சக்கரத்துக்கு, எவ்வளவு பின்சக்கரத்துக்கு என்பதில் உங்கள் இருவருக்கும் நாலு நாள் சண்டை. நீ வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடியே திருப்புகிறவன். உனக்குக் கார் பின்னால் லேசாக வழுக்கினால்தான் மூக்கு உள்ளே திரும்பும், அதனால் முன்னால் ஐம்பத்தாறு போதும் என்றாய். அவள் நேராக இருக்கும்போதே ஓங்கி மிதித்து வேகத்தை முடித்துவிட்டு, பிறகு திருப்பி, ஸ்டீயரிங் நேரான பின்புதான் ஆக்ஸிலரேட்டரைத் தொடுகிறவள். அவளுக்கு ஐம்பத்தொன்பது வேண்டும். கடைசியில் ஐம்பத்தேழரை என்று ஒத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு நீ போன் செய்து அந்த எண்ணைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று ஐயர் சொன்னபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசி, இவள் கொஞ்சம் இறங்கி, இவன் கொஞ்சம் ஏறி, ஒரு எண்ணில் நின்றிருக்கிறார்கள், இனிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

அந்த எண்ணைத்தான் நீ மாற்றினாய். உன் திரையில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், அந்த எண் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒளிர்ந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். முப்பத்தோராவது சுற்றில் உன் முன் டயர் தேய்ந்து கார் திரும்ப மறுத்தது. ஸ்டீயரிங்கில் இருக்கிற பிரேக் குமிழை நீ கட்டைவிரலால் திருப்பினாய். ஐம்பத்தாறு, அப்புறம் ஐம்பத்தைந்து, முப்பத்து மூன்றாவது சுற்றில் ஐம்பத்து மூன்று. அதில் தப்பில்லை, கைகாரன் செய்கிற வேலைதான், சுற்றுக்குச் சுற்று நேரமும் குறைந்தது. நான் எழுதிக்கொண்டேன். முப்பத்து நாலில் உள்ளே வந்து காரை நிறுத்தினாய். புது டயர், சில்லென்று இருக்கிற டயர், சூடேறுகிற வரைக்கும் தரையைச் சரியாகப் பிடிக்காது. சுகன்யா உன்னிடமிருந்து காரை வாங்கினாள். குமிழ் ஐம்பத்து மூன்றிலேயே நிற்கிறது. "பிரேக்க பின்னால தள்ளி வெச்சிருக்கேன், பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று விநாடியா? நீ அந்த மூன்று விநாடியில் "மச்சா, எத்தன செகண்ட் லீடு?" என்று கூட்டாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

முதல் சுற்றை அவள் பதமாக ஓட்டினாள். அடுத்த சுற்றில், ஒன்பதாவது வளைவில், அந்த நீள ரோட்டின் முடிவில் இடது சுவரில் மஞ்சள் பலகை இருக்கிறதே, ஒரு மாசமாக அவள் மிதிக்கிற அதே இடத்தில் மிதித்தாள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற கருவி அந்தக் காரில் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் அப்படியே நின்றுவிட, கார் பம்பரமாகச் சுற்றிப்போய்ச் சுவரில் மோதியது. பந்தயம் அத்தோடு முடிந்தது. அது போகட்டும், ஆட்டம்தானே என்று விட்டுவிடுவேன். ஆனால் மைக் திறந்திருந்தது. பார்க்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நீ கத்தினாய்: "ஏய், பிரேக் எங்க போடணும்னே தெரியாதா உனக்கு? எத்தன வாட்டி சொல்லிக் குடுக்கறது? சும்னே வந்து உக்காந்துக்கினு!" அந்தப் பெண், "சாரி, சாரி, என்னமோ ஆயிடுச்சி, சாரி" என்று எத்தனை தடவை சொன்னாள் என்று நீ எண்ணியிருக்க மாட்டாய். திரைக்குக் கீழே உன் சிநேகிதர்கள் ஒவ்வொருத்தராக எழுதினார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் சாவிய ஒளிச்சி வை ப்ரோ என்று ஒருவன். நீ அதற்குச் சிரித்தாய். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா, நான் பெற்ற சிரிப்பு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே ஆடுகிறவளுக்கு நன்றாகவே ஆடத் தெரியும். கூடத்தை நீ கோணலாக்கி வைத்துவிட்டு, அவள் விழுந்ததும் ஆடத் தெரியவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னாய். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "அவ சொதப்பிட்டாம்மா" என்றாய். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன், "நீ இன்னாச்சும் மாத்தினியாடா?" என்று. "இல்லியே" என்றாய். எனக்கும் பொய். அப்போதே நோட்டைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "சரிப்பா, விடு" என்றேன். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி என் மகன் மேல் விழவில்லை, அடுத்த வீட்டுப் பெண் மேல்தானே விழுந்தது என்று. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் போன் செய்கிற வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது.

"அத்த, ஒரு வெசயம். எங்க வீட்ல இருக்கற அந்த ஸ்டீயரிங் வீல் செட்ட வித்துடப் போறேன், உங்க கடைக்கு வர்ற பசங்க யாராச்சும் கேட்டா சொல்லுங்க" என்றாள். ஏன்மா என்றேன். "எனக்கு வரல அத்த. அவரு கரெக்டாத்தான் சொன்னாரு. ரீப்ளேல பாத்தேன், அதே எடத்துலதான் பிரேக் போட்டிருக்கேன், ஆனா எப்பிடிப் போச்சின்னே தெரியல. அப்போ என் கால்லதான் தப்பு. இனிமே அவரு ஓட்டட்டும், நான் பாக்கறேன்" என்றாள். அழவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. ஏனென்றால் அதே சிரிப்பை நான் இருபத்தோரு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு நெற்றியில் இருக்கிற தழும்பின் கதையை நீ எல்லோருக்கும் சொல்வாய். நிச்சயதார்த்தத்தன்று சுகன்யா வீட்டாரிடமும் சொன்னாய். எங்கம்மா பிரேக் கேபிள் விக்கிறவங்க, ஆனா பிரேக் எதுன்னு தெரியாது என்று ஆரம்பித்து, சாம்பியன் ரீஃப் இறக்கத்தில் ஸ்கூட்டரோடு நான் சாக்கடையில் விழுந்ததை நடித்துக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தக் கதையில் நீ அறியாத பாதியை இப்போது சொல்கிறேன். உனக்கு ஆறு வயசு. உன்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். இறக்கத்தில் லாரி வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன், லீவர் கைப்பிடி வரைக்கும் சும்மா வந்தது. விழுந்தோம். உனக்கு மூன்று தையல், எனக்கு முட்டி போயிற்று. தொழிற்சாலையிலிருந்து அப்பா ஓடி வந்தார். கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவில், "பிரேக் எதுன்னு தெரியாதவளுக்கு வண்டி எதுக்குடி?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான்கு நாள் கழித்து மெக்கானிக் மஞ்சண்ணா கடைக்கு வந்து, தன் கன்னடம் கலந்த தமிழில், "அக்கா, அந்த கேபிள் தானா லூஸ் ஆகலா. யாரோ ஸ்பானர் போட்டு நட்ட திருப்பி இருக்காங்க. உங்க மேல தப்பு இல்லா" என்றார். எங்கள் வீட்டில் ஸ்பானர் பிடிக்கிற கை ஒன்றுதான். நாம் விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

பார்த்தும் கேட்கவில்லை. இதுதான் நான் செய்த தப்பு, இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். உன் தலைக்கட்டைப் பார்த்துப் பார்த்து அவர் ஆஸ்பத்திரியில் அழுதார், அந்த மனுஷனிடம் போய் எப்படிக் கேட்பது என்று விட்டேன். அப்புறம் ஆறட்டும் என்று விட்டேன். அதற்குள் அது நம் வீட்டு வேடிக்கைக் கதையாகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் அதைச் சொல்லித்தான் காபி கொடுப்பது. நான் மறுபடி வண்டியைத் தொடவே இல்லை. நாளெல்லாம் பிரேக் கேபிளை எடுத்துக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது என் விஷயத்தில் அப்படியே நடந்தது. ஆனால் நான் வாயை மூடியிருந்தது எனக்கு மட்டும் கெடுதல் என்று நினைத்தேனே, அதுதான் மடத்தனம். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாய். தான் திருப்பிய நட்டை மறைக்க வேண்டுமென்றால் பெண்டாட்டியைக் கேலி செய்தால் போதும், அவளும் சேர்ந்து சிரிப்பாள் என்று நம் வீட்டில்தான் கற்றிருக்கிறாய். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

புதன்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு உன் பழைய சிமுலேட்டரில் உட்கார்ந்தேன். அதே பாதை, அதே கார், சில்லென்ற டயர். பிரேக்கை ஐம்பத்து மூன்றில் வைத்து, மஞ்சள் பலகைக்கு நேரே, அவள் மிதிக்கிற மாதிரியே மிதித்தேன். பத்து தடவை. ஏழு தடவை சுவர். பிறகு ஐம்பத்தேழரையில் வைத்து அதே பத்து தடவை. எனக்கு வயசு ஐம்பத்தைந்து, முட்டி மடங்காது. ஒரு தடவை உள் சுவரில் உரசினேன், மற்றபடி ஒன்பது தடவையும் கார் ஒழுங்காக நின்று, திரும்பி, வெளியே வந்தது. இருபதையும் எழுதி வைத்திருக்கிறேன். அவள் காலில் ஒரு தப்பும் இல்லை.

நேற்று அப்பாவிடமும் கேட்டுவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். "அந்த ஸ்கூட்டர் கேபிள லூஸ் பண்ணது நீங்கதானே?" என்றேன். "இன்னாடி, இப்போ திடீர்னு?" என்றார். நான் நகரவில்லை. ஒரு காயை உரிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார். "பிரேக் புடிச்சிக்கினே இருந்துச்சி, லூஸ் பண்ணேன். உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன். அப்பால சொல்ல வெக்கமா இருந்துச்சி" என்றார். இருபத்தோரு வருஷ வெட்கமா என்று கேட்டேன். கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு, "பையன்கிட்ட நான் பேசட்டா?" என்றார். "எந்த மூஞ்ச வெச்சிக்கினு பேசுவீங்க?" என்று கேட்டேன். "மன்னிச்சிடு" என்றார். முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன். கேட்டால் மனசு குளிரும் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். குளிரவில்லை. உன் அப்பா கெட்டவர் இல்லை, நீயும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும் என்று ஒரு காலத்தில் எனக்கிருந்த ஆசை செத்துப்போய் எவ்வளவோ காலமாயிற்று. அவர் இப்போது உண்மையைச் சொன்னதற்காக அது எழுந்து வரப் போவதில்லை. பஜாருக்கு இன்றைக்கும் ஷேர் ஆட்டோவில்தான் வந்தேன்.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கெஞ்சவில்லை, சொல்கிறேன். முதலில் சுகன்யாவைப் பார்த்துப் பேசு. போனில் வேண்டாம், நேரில் போ. "நான் மாற்றினேன், உன்னிடம் சொல்லவில்லை, தெரிந்தும் உன்மேல் போட்டேன்" என்று இந்த மூன்றையும் சொல். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று முதல் இரண்டோடு நிறுத்திவிடாதே, மூன்றாவதுதான் பாவம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளிகள் எல்லோரும் கூடும்போது அதே மைக்கில், அதே சத்தத்தில் சொல். அன்றைக்குக் கத்தியது எத்தனை பேர் காதில் விழுந்ததோ அத்தனை பேர் காதிலும் இதுவும் விழ வேண்டும். உன் சிநேகிதர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், செத்துவிட மாட்டாய். நான் மேல் அறையில் நோட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்லவில்லையென்றால், திங்கட்கிழமை மாரிகுப்பத்திலிருந்து வருகிற ரயிலில் ஏறி நானே பெங்களூர் வந்து அந்த நோட்டை அவள் கையில் கொடுத்துவிடுவேன். எந்தச் சுற்றில் எந்த எண் என்று அவளே படித்துக்கொள்ளட்டும். படித்த பிறகு உன்னைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்துகொள்வாள். அதில் நான் உன் பக்கம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மண்டபம், சமையல்காரர், சொந்தம் என்று எதைச் சொல்லியும் என்னை மடக்கப் பார்க்காதே.

கல்யாணப் பத்திரிகை இன்னும் நூறுக்கு மேல் கடையில் கட்டாக இருக்கிறது. பூதிகோட்டைக்கும் பேத்தமங்களாவுக்கும் இந்த வாரம் கொடுத்திருக்க வேண்டியது. அப்பா தினமும், "மஞ்சள் தடவிட்டியா, நான் போயிட்டு வந்துடறேன்" என்கிறார். ஒன்றின் மூலையிலும் நான் மஞ்சள் வைக்கவில்லை. எனக்கு இருபத்தோரு வருஷம் கழித்து வந்த வார்த்தை அவளுக்கு இன்னும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடலாம். அவள் அந்த வீலை இன்னும் விற்கவில்லை. நேற்றுதான் கேட்டேன். "கொஞ்சம் பொறும்மா, நல்ல ஆள் வரட்டும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா